பின்சக்கரத்தின் பங்கு

உதிரிபாகக் கடையின் கல்லா மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து, அதன்மேல் மூன்று பிரேக் வால்வுகளையும் வரிசையாக வைத்துவிட்டு, "பாத்துட்டிருங்க தலைவரே, லோடு வால்வுக்குக் கம்பி ஒண்ணு வரும், கிடங்குல கிடக்குதான்னு தேடிட்டு வந்தர்றேன்" என்று கஸ்தூரி பின்கட்டுக்குள் போனபோது மணி பதினொன்றே கால். உக்கடத்துச் சந்தில் தூறல் விழுந்துகொண்டிருந்தது. வெள்ளியங்கிரி முக்காலியில் உட்கார்ந்து, தேநீர்க் கிளாசை முழங்கால்மேல் நிறுத்திக்கொண்டு மூன்றையும் பார்த்தார், எதையும் தொடவில்லை. தொடாமல் பார்ப்பதில் ஒரு சுகம் இருந்தது. அறுபத்தெட்டு வயதில் இப்படி ஒரு காலைப்பொழுது வாய்ப்பது லேசில்லை, மழை, கிரீஸ் வாசனை, சூடான தேநீர், தீர்மானிக்க வேண்டிய விஷயம் ஒன்று, அதைத் தள்ளிப்போட அரைமணி நேரம். நகக்கண்களில் கறுப்பு ஏறியிருந்தது. எண்பத்தொன்பதில் வார்ப்பட ஆலை வாசலுக்கு வெளியே தள்ளினார்களே, அதற்குப் பிறகு அவர் நகத்தில் இந்தக் கறுப்பு இவ்வளவு நாள் தங்கியதில்லை. நடுவில் இருந்ததெல்லாம் தொழிற்சங்கத் துண்டறிக்கைகளின் அச்சு மை. இது வேறு, இது இரும்பின் கறுப்பு, இரண்டு மாதமாக மகளுடைய ஜீப்புக்கு அடியில் மல்லாந்து படுத்துச் சம்பாதித்தது. பின்சக்கர டிரம்மைக் கழற்றி வீசிவிட்டு டிஸ்க் பிரேக் மாட்டினார். டிஸ்கைக் கவ்வுகிற காலிப்பர் உட்காரப் பட்டையை அவரே வெட்டினார், அவரே துளை போட்டார், முதல் தடவை வைத்தபோது மயிரிழை பிசகாமல் உட்கார்ந்தது, அந்த நிமிடம் ஜீப்புக்கு அடியில் தனியாகப் படுத்தபடி அவர் வாய்விட்டுச் சிரித்தார். மேடையில் கைதட்டு வாங்கியபோதுகூட அப்படிச் சிரித்ததாக நினைவில்லை. மலைமேல் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நர்சாக இருக்கிறாள் மகள் வாலண்டினா, வீட்டில் டீனா. ஏலத்தில் எடுத்த கிழட்டு ஜீப். சனிக்கிழமைதோறும் தேயிலைக் காட்டு நிறைமாதக்காரிகள் ஐந்தாறு பேரை ஏற்றிக்கொண்டு, நாற்பது கொண்டை ஊசி வளைவு இறங்கி, கீழே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுக் காலி வண்டியாக ஏறிப்போவாள். இருபது வளைவு தாண்டினால் டிரம் சூடேறிவிடும், மிதிக்க மிதிக்கக் கால் உள்ளே போகும் என்று ஒருநாள் சாப்பிடும்போது சாதாரணமாகச் சொன்னாள். மறுநாள் காலை அவர் ஸ்பேனரை எடுத்தார்.

வால்வு என்றால் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. ஆள்காட்டி விரல் நீளத்தில் ஒரு பித்தளைத் துண்டு. ஒரு பக்கம் பிரேக் ஆயில் வரும், மறுபக்கம் பின்சக்கரங்களுக்குப் போகும். மெதுவாக மிதித்தால் வந்ததை வந்தபடி விடும். ஓங்கி மிதித்தால் ஓர் அளவுக்குமேல் பின்னால் போகிற அழுத்தத்தை மட்டும் குறைத்துவிடும். ஓடுகிற வண்டியைப் பிடித்து நிறுத்தும்போது பாரமெல்லாம் முன்னால் சாயும், பின்சக்கரம் லேசாகும், அந்த நேரம் பார்த்து அதையும் முன்சக்கரத்துக்குச் சமமாக இறுக்கினால் அதுதான் முதலில் பூட்டிக்கொள்ளும், பூட்டிய சக்கரம் வழுக்கும், வால் தலையை முந்தும். பட்டறையில் கைவைத்த எவனுக்கும் தெரிந்த சங்கதி. வெள்ளியங்கிரிக்கும் தெரியும். தெரிந்தும்தான் மூன்று வாரத்துக்கு முன்னால் அதைப் போடாமல் விட்டார். "பின்னாடி இருக்கறவனுக்குக் கொறச்சுக் குடுக்கறதுக்குன்னே ஒரு எந்திரம் பண்ணி வெச்சிருக்கறான் பாரு" என்று டீனாவிடம் சொல்லிச் சிரித்தார். "நம்ம வண்டியில நாலு சக்கரத்துக்கும் சமபங்கு." மூடிக்கிடக்கும் பஞ்சாலை மைதானத்தில், ஞாயிற்றுக்கிழமை காலை, அவள் ஓட்டினாள், அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நாற்பதில் வைத்து மிதி என்றார். மிதித்தாள். அப்புறம் நடந்ததை நினைக்கும்போதெல்லாம் அவருக்கு ஒலி வராது, படம் மட்டும் வரும், சுற்றுச்சுவர் வலமிருந்து இடமாக ஓடியது, வேப்பமரம் ஓடியது, புகைபோக்கி ஓடியது, பிறகு எல்லாம் நின்றது, ஜீப் தான் வந்த வழியையே பார்த்துக்கொண்டு நின்றது. புழுதி அவர்களைத் தாண்டிப் போனது. அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்குப் பதிலுக்குக் கத்தத் தெரியும், நாற்பது வருடத் தொழில். சாவியை உருவி அவர் மடியில் வைத்தாள். "ஏனுங்ப்பா, வால்வு வேணுமின்னு உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?" தெரியும் என்றார். "தெரிஞ்சு ஏன் போடல?" டயர் மொட்டை என்றார். தரையில் சரளை என்றார். பொடிமண் என்றார். "நாங் கேட்டதுக்கு இதெல்லாம் பதிலில்லீங்ப்பா. வால்வப் போடுங்க. போட்டுட்டு, அன்னிக்கு ஏன் சுத்துச்சுன்னு உங்க வாயில சொல்லுங்க. அது வரைக்கும் இதுல ஒரு புள்ளத்தாச்சிய நான் ஏத்த மாட்டேன்." இறங்கி பஸ் ஏறப் போய்விட்டாள். அதற்குப் பிறகு மூன்று சனிக்கிழமைகள் போயின. மூன்று சனிக்கிழமையும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் இறங்கினார்கள், ஒருத்தி பதினேழாம் வளைவு வரைக்கும் நின்றுகொண்டே வந்தாள். அதையும் டீனா குற்றமாகச் சொல்லவில்லை, போனில் செய்தியாகச் சொன்னாள். செய்தியாகச் சொல்வதில் அவள் அம்மாவைப் போல.

தேநீர் ஆறிவிட்டது, ஆறினாலும் நன்றாகத்தான் இருந்தது. வால்வு போடுவதில் அவருக்கு வருத்தமில்லை, போடத்தானே வந்திருக்கிறார். வாயால் சொல்வதுதான். நாற்பது வருடத்தில் அவர் எழுதிய துண்டறிக்கைகளை ஒட்டினால் உக்கடத்திலிருந்து காந்திபுரம் வரைக்கும் போகும், எதிலாவது நாங்கள் தவறு செய்தோம் என்று ஒரு வரி உண்டா. கிடையாது. முதலாளி தவறு செய்வான், அரசு தவறு செய்யும், நீதிமன்றம் தவறாகத் தீர்ப்புச் சொல்லும், நடுவில் துரோகி என்று ஒருவன் இருப்பான், நாங்கள் என்றால் ஏமாற்றப்பட்டோம், காட்டிக்கொடுக்கப்பட்டோம், மீண்டும் எழுவோம். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்ற அவருக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தவை சங்கத்தின் பழைய தாள்கள்தான், மடித்துச் சட்டைப்பையில் வைத்து, மதிய இடைவேளையில் தூக்குவாளியை மூடி, கையைத் துடைத்துவிட்டுப் படித்த தாள்கள். உபரி மதிப்பு என்றால் என்ன என்று அதில்தான் படித்தார். படித்ததில் ஓர் எழுத்தையும் அவர் திரும்பக் கொடுக்கப் போவதில்லை. கல்லூரியில் படித்த மேனேஜர் ஒருவன் ஒருமுறை பேச்சுவார்த்தையில் அவர் பேசிய சட்டப் பிரிவைத் திருத்தப்போய், புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, வாயை மூடிக்கொண்டான். அந்த முகத்தை இன்றைக்கும் வேண்டும்போது எடுத்துப் பார்த்துக்கொள்வார். இப்போதும் பார்த்தார், நன்றாக இருந்தது. ஆனால் அந்த முகத்துக்குப் பின்னாலேயே இன்னொரு முகம் வந்துவிடுகிறது, கூப்பிடாமல் வருகிறது, மயில்ராசுவின் முகம். பின்கொட்டகை மயில்ராசு. வார்ப்பில் இருந்து வரும் இரும்பில் பிசிறு தட்டுகிற கொட்டகை அது, ஆலையின் கடைக்கோடி, அறுபத்தோரு பேர், அத்தனை பேரும் ஒப்பந்தக் கூலி, தூசியில் யார் யாரென்று தெரியாது. முன்னால் மெஷின் ஷாப்பில் நிரந்தரக்காரர்கள். பத்து மணிச் சங்கு ஊதியதும் எல்லாரும் ஒரே நேரத்தில் நிறுத்துவது என்று தீர்மானம். எல்லாருக்கும் சமபங்கு, சமமான போராட்டம், அவர் எழுதிய வரி. சங்கு ஊதியது. பின்கொட்டகை சொன்ன நொடியில் நின்றது, சுத்தியல் ஒன்று பாதி தூக்கிய கையில் அப்படியே நின்றது, இறுகி, ஒரே பூட்டாக. முன்னால் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. இதோ நிறுத்துகிறோம், ஷிஃப்ட் முடியட்டும், நாளைக்கு, மறுநாள் என்றார்கள். அப்புறம் ஆலையே அரைவட்டம் அடித்து அவர்களைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது, அறுபத்தோரு பேர் வெளியே, அறுபத்திரண்டாவதாக அவர். முன்வரிசைத் துரோகிகள் என்று அன்று இரவே எழுதினார். அதையே முப்பத்தாறு வருடம் எழுதினார். துரோகம் துரோகம்தான், அதில் மாற்றமில்லை. மயில்ராசு இப்போது குளக்கரையில் இளநீர் விற்கிறான். இரண்டு வருடம் முன்னால் ஒருநாள், காய் சீவிக்கொண்டே, யாரையோ பற்றிப் பேசுகிற மாதிரி சொன்னான், "நீங்க நில்லுன்னீங்க, நின்னமுங்க. முன்னாடி கொட்டகை நிக்குதான்னு ஒருத்தரு பாத்துச் சொல்லியிருக்கலாமுங்க." அவ்வளவுதான். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. அன்றிலிருந்து வெள்ளியங்கிரி குளக்கரையில் எதிர்ப்பக்கமாகவே நடக்கிறார். வண்டி வேறு, வர்க்கம் வேறு என்று தலையை உதறிக்கொண்டார். இரும்பையும் மனுசனையும் ஒன்றாகப் போட்டுப் பேசுகிறவன் மேடைப் பேச்சாளி, அந்த மாதிரி உவமைக்கு அவரே எத்தனை கைதட்டு வாங்கியிருக்கிறார். வாங்கியிருக்கிறார் அல்லவா. கிளாசைக் கீழே வைத்தார்.

"கெடச்சுது" என்று தூசி படிந்த ஒரு வளைந்த கம்பியோடு கஸ்தூரி வந்தாள், புடவை முந்தியால் அதைத் துடைத்து மூன்றாவது வால்வின் பக்கத்தில் வைத்தாள். கணவன் இறந்தபின் பதினாறு வருடமாக இந்தக் கடை அவள் கையில், ஒரு நட்டைத் தடவிப் பார்த்து எந்த வண்டிக்கு என்று சொல்லுவாள். "என்ன தலைவரே, வால்வு வாங்க வந்தீங்களா, பொதுக்குழுக் கூட்ட வந்தீங்களா? மூணும் உங்க மொகத்தையே பாத்துட்டுக் கெடக்குது." அவர் சிரித்தார். "ஒவ்வொண்ணாச் சொல்லு அம்மிணி." முதலாவதைத் தள்ளினாள், "இது கம்பெனியில அளவு வெச்சு அடச்சது. காருக்கு வர்றது. மாத்த முடியாது, அவன் வெச்சதுதான் பங்கு." நிர்வாகம் நிர்ணயித்த விகிதம் என்று அவர் முணுமுணுத்தார், அதை இரண்டு விரலால் ஓரமாக ஒதுக்கினார், அதில் ஒரு பழைய சந்தோஷம் இருந்தது. "இது திருகு வெச்சது. திருகுனா பின்னாடி ஏறும், எறங்கும். நம்ம கையில." மூன்றாவதன் நீண்ட கரத்தைத் தூக்கிக் காட்டினாள். "இது லோடு வால்வு. சின்ன லோடு வண்டிக்கு வர்றது. உடம்பு சேசிஸ்ல நிக்கும், இந்தக் கம்பி பின் ஆக்சில்ல மாட்டும். பாரம் ஏறுனா வண்டி அமுங்கும், அமுங்குனாக் கரம் தூக்கும், தூக்குனாப் பின்சக்கரத்துக்கு ஜாஸ்தி விடும். காலி வண்டின்னாக் கம்மி." வெள்ளியங்கிரி முதல்முறையாகக் கையை நீட்டி அதை எடுத்தார். கரத்தை மேலே தூக்கினார், கீழே விட்டார். மார்புக்குள் என்னவோ எழுந்து நின்றது. சுமக்கிறவனுக்குச் சுமக்கிற அளவுக்குப் பங்கு. இப்படி ஒரு பொருள் உலகத்தில் இருக்கிறது, இதை எவனோ வரைந்து, வார்த்து, கடைந்து, லோடு வண்டிக்கு அடியில் சேற்றோடு மாட்டி ஓடவிட்டிருக்கிறான், ஒரு துண்டறிக்கையும் இல்லாமல். டீனாவிடம் இதைக் காட்டலாம். நான் சொன்னது தப்பில்லை கண்ணு, சமபங்கு என்பதன் உயர்ந்த கட்டம் இது என்று சொல்லலாம். மலை இறங்கும்போது ஆறு பெண்கள் பின்னால், பாரம், அப்போது பின்சக்கரத்துக்கு நிறைய, ஏறும்போது காலி, குறைவு. எவ்வளவு நியாயம். வரி தானாகவே மனதில் அச்சாகிக்கொண்டிருந்தது, எழுத்தளவுகூடத் தெரிந்தது, தலைப்பு எந்த அளவு, அடிவரி எந்த அளவு. அங்கேதான் ஏதோ தட்டியது. இந்த ருசி அவருக்குத் தெரியும். மூன்று வாரத்துக்கு முன்னால், பஞ்சாலை மைதானத்தில், வால்வே வேண்டாம் என்றபோது நாக்கில் இருந்த அதே ருசி. பத்து மணிச் சங்குக்கு முந்தின நாள் இருந்த அதே ருசி. வரி நன்றாக இருக்கிறதே என்பதற்காகத்தான் மூன்றுமுறையும்.

கரத்தை மறுபடி தூக்கினார், இம்முறை கையின் கனத்தைக் கவனித்துக்கொண்டு. "ஏம் அம்மிணி, இது அமுங்குற அளவ எந்த ஸ்பிரிங் பட்டைக்குக் கணக்குப் பண்ணி வெச்சிருக்கறான்?" கஸ்தூரி அவரைக் கூர்ந்து பார்த்தாள், வாடிக்கையாளன் சரியான கேள்வி கேட்டால் அவளுக்கு முகம் மாறும். "அந்த லோடு வண்டியோட பட்டைக்குத்தாங்க. உங்கது ஜீப்புப் பட்டை, கட்டை மாதிரி. ஆறு பேரு ஏறுனா எத்தன அமுங்கும்?" அளந்ததில்லை, ஆனால் அவருக்குத் தெரியும், இரண்டு விரல்கடைகூட இராது. "அப்ப இது பாரமே ஏறலைன்னு நெனச்சுக்கும்" என்றார். "நெனச்சுக்கும். இல்லாட்டிக் கம்பிய மாத்தி வெச்சு, காலி வண்டிக்கே பாரம் இருக்குதுன்னு நெனச்சுக்கும். ரெண்டாவதுதான் வம்பு. எஸ்டேட் ரோட்டுல கல்லு அடிச்சுக் கம்பி வளஞ்சாலும் அதே கததான். செரியா வெக்கறதுக்கு ஆளுக இருக்கறாங்க, வெக்க முடியாதுன்னு நாஞ் சொல்லல. வித்தா எனக்கு நல்லது, அதுதான் ஒசந்தது. ஆனா கேட்டுட்டீங்க." அவர் லோடு வால்வைச் செய்தித்தாளில் திரும்ப வைத்தார், மெதுவாக, தூங்குகிற குழந்தையைக் கிடத்துகிற மாதிரி. இவ்வளவு அழகான பொருள், வேறொருவன் முதுகுக்கு அளந்து தைத்தது. வருத்தமாக இருந்தது, ஆனால் இதமான வருத்தம், கையில் நல்ல சீட்டு வந்தும் இறக்காமல் வைத்த மாதிரி. திருகு வால்வை எடுத்தார். கூடவே சின்னதாக மடித்த ஒரு தாள் இருந்தது, ஒரு பக்கம் இங்கிலீஷ், மறுபக்கம் எவனோ புண்ணியவான் பண்ணிய தமிழ். பழக்கம், தாள் என்றால் படிக்காமல் விட முடியாது. மூக்குக்கண்ணாடியை ஏற்றினார். காலி வண்டியில் தொடங்கவும். மிகக் குறைந்த அளவில் திருகை வைக்கவும். ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் பிரேக் பிடித்துப் பார்க்கவும். எந்தச் சக்கரம் முதலில் நிற்கிறது என்று ஒருவர் வெளியே நின்று கவனிக்கவும். முன்சக்கரம் நின்ற பிறகே பின்சக்கரம் நிற்க வேண்டும். கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் ஏற்றக்கூடாது. அடுத்த பத்திக்குத் தலைப்பு, தவறாகப் பொருத்தினால். அவர் அங்கே நின்றுவிட்டார். தவறாகப் பொருத்தினால் பின்சக்கரங்கள் முதலில் பூட்டி வண்டி சுழலும், இதற்குப் பொருத்தியவரே பொறுப்பு. இரண்டு முறை படித்தார். தன் வாழ்நாளில் எத்தனை ஆயிரம் தாள் படித்திருப்பார், எத்தனை எழுதியிருப்பார், ஒன்றிலாவது இப்படி ஒரு பத்தி இருந்ததில்லை. ஒருவர் வெளியே நின்று கவனிக்கவும். இந்த வரியை அவர் முன்பே கேட்டிருக்கிறார், இளநீர் சீவுகிற சத்தத்துக்கு நடுவில். எதிர்ப்பக்கமாக நடந்து நடந்து தேய்ந்த செருப்பைப் பார்த்தார். ஆச்சரியமாக, வலிக்கவில்லை. பல் விழுந்த இடத்தை நாக்கு தொட்டுப் பார்க்கிற மாதிரி இருந்தது, காலியாக, சுத்தமாக. காலி ஜீப்புக்கு அளந்து வைத்தால் பாரம் ஏறும்போது பின்சக்கரம் தன்னால் முடிந்ததைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் பிடிக்கும். பிடிக்கட்டும். எந்த வளைவிலும் திரும்பிப் பார்த்துக்கொண்டு நிற்காது. திருகைக் கைக்கு எட்டாத இடத்தில், சேசிஸ் ஓரமாக வைத்து, அளவு அமைந்ததும் கம்பி முறுக்கிப் பூட்டிவிட வேண்டும். முக்கியமாகத் தன் கைக்கு எட்டாத இடத்தில். "இதக் கட்டிக் குடு அம்மிணி" என்றார்.

கடை வாசலில் நின்று போனை எடுத்தார். தூறல் விட்டிருந்தது. "சொல்லுங்ப்பா, வார்டுல இருக்கறேன்" என்றாள் டீனா, பின்னால் ஏதோ பச்சைக்குழந்தை அழுதது. "திருகு வெச்சது வாங்கியிருக்கறேன்." "செரிங்ப்பா." அவள் போனை வைக்கவில்லை. குழந்தை அழுதது. "டயர் காரணமில்ல" என்றார். "ம்." "தரையும் இல்ல." "ம்." சட்டைப்பையிலிருந்த வால்வைத் தொட்டுக்கொண்டார். "வேணுமின்னு தெரியும். சமபங்குன்னு சொல்லிப் பாக்கோணும்னு ஆச. உன்னைய ஓட்டவெச்சுப் பாத்துட்டேன். என்ற தப்பு கண்ணு." "சிக்னல் செரியில்லீங்ப்பா, இன்னொருக்காச் சொல்லுங்க." சிக்னல் கணீரென்று இருந்தது, அந்தக் குழந்தை மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. கழுதை, எவ்வளவு திமிர், யார் மகள். இன்னொரு தடவை சொன்னார். இரண்டாம் தடவை சுலபமாக வந்தது. "ஞாயித்துக்கெழம வர்றேன், மைதானத்துக்கு. நான் ஓட்டறேன். நீங்க பின்னாடி உக்காருங்க, பூட்டுச்சுன்னா மொதல்ல உங்களுக்குத் தெரியட்டும்." அவர் சிரித்துவிட்டார். "அப்ப வெளிய நின்னு பாக்கறது ஆரு? தாள்ல போட்டிருக்குது, ஒருத்தரு பாக்கோணுமின்னு." "அதுக்கு வேற ஆளப் பாருங்க" என்று வைத்துவிட்டாள். சட்டைப்பையில் வால்வின் கனம் மார்பில் தட்டத் தட்டச் சந்தைக் கடந்தார், பெரிய ரோட்டைக் கடந்தார், குளக்கரைக்கு வந்தபோது கால்கள் வழக்கம்போல் எதிர்ப்பக்கம் இழுத்தன, அவற்றை இழுத்துக்கொண்டு இந்தப்பக்கமே நடந்தார். மயில்ராசு தார்ப்பாயில் தேங்கிய மழைத் தண்ணீரைக் கழியால் முட்டி வடித்துக்கொண்டிருந்தான். அவரைப் பார்த்தான், ஒரு காயை எடுத்தான். "மயிலு" என்றார், "ஞாயித்துக்கெழம காத்தால ஒரு மணிநேரம் வேணும். என்ற மக ஜீப்பப் புடிச்சு நிறுத்துவா. எந்தச் சக்கரம் மொதல்ல நிக்குதுன்னு நீ வெளிய நின்னு பாத்துச் சொல்லோணும். நீ சொன்ன பொறவுதான் திருகு." அரிவாள் பாதியில் நின்றது. மயில்ராசு அதைப் பார்த்தான், பிறகு அவரைப் பார்த்தான். "முப்பத்தாறு வருசங் கழிச்சுக் கேக்கறீங்க" என்றான். ஒரே வெட்டில் காயின் தலையைச் சீவி அவரிடம் நீட்டினான். "எத்தன மணிக்கு வரோணுமுங்க?"